பதினொன்றில் ஏழு

பூரணி கண்ட கனவைக் கேட்காமல் முத்துலிங்கம் ஒருநாளும் வேலைக்குக் கிளம்பியதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. விடிந்ததும் பிளேன்டீக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "சரி, இன்னைக்கு என்னா?" என்று மனைவியிடம் கேட்பார். ரேடியோவில் செய்தி கேட்கிற மாதிரிதான்.

பூரணியும் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே சொல்லுவாள். நானுஓயா ஸ்டேஷனுக்கு ரயில் வருகிறது. உள்ளே ஆட்களே இல்லை. பெட்டி பெட்டியாகச் சேவல்கள், ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு டிக்கெட். எது இரண்டாம் வகுப்பு, எது மூன்றாம் வகுப்பு என்று பார்த்துப் பிரித்து உட்கார வைக்கிற வேலை பூரணிக்கு. இன்னொரு நாள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் கூடையைக் கவிழ்க்கிறார்கள். கொழுந்துக்குப் பதிலாகப் பனிமூட்டம் வந்து விழுகிறது. கங்காணி அதையும் தராசில் போட்டு, ஈரம் கழித்துப் பதினோரு கிலோ என்று எழுதிக்கொள்கிறார். முத்துலிங்கம் இதையெல்லாம் மாடியில் போய்ச் சொல்ல, மத்தியானத்துக்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிடும்.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் அது. பூரணிக்கு முப்பத்தெட்டு வயது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் அவள் ஆயா. பதினாறு குழந்தைகள். காலையில் ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால், நாலரை மணிக்குத்தான் பூட்டுவாள். சொந்தப் பிள்ளை இல்லை என்பதைப் பற்றி மற்றவர்கள்தான் கவலைப்பட்டார்கள். அவளுக்குப் பகலில் பதினாறு பேர் போதுமாக இருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அவள் தலவாக்கலையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தாள். போட்டோக்கொப்பி எடுப்பது, கடிதம் டைப் பண்ணுவது, கம்ப்யூட்டரைத் தூசி தட்டுவது. பழுது திருத்துகிறவர் வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். நாலு வருடத்துக்கு முன் அந்தக் கடையை மூடியபோது, பழகிய பிள்ளை என்று கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார். ஓடாது, பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று சொல்லியே கொடுத்தார். பூரணி அதன் திரையை மடியிலும் பெட்டியைக் காலடியிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுடையது கடைசிக் காம்பரா. மாமியார் மீனம்மா, இதை எங்கே வைப்பது என்று கேட்டாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. சாமிப்படத்துக்குக் கீழே இருந்த மேசையில் வைத்து, பனி படாமல் இருக்கத் தன் பழைய சேலை ஒன்றை எடுத்துப் போர்த்தினாள்.

ஸ்விட்சைப் போட்டால் அது விட்டு விட்டுக் கத்தியது. திரையில் ஒன்றுமே வரவில்லை. தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் போனுக்கு சிக்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் பூரணி அங்கே போய் நின்று, திருத்துகிறவர்கள் போட்ட வீடியோக்களைப் பார்த்தாள். அந்தச் சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, எப்படிக் கத்துகிறது என்பதை வைத்து எங்கே பிழை என்று சொல்லலாம் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டாள். உள்ளே இருந்த மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பள்ளிக்கூடத்து அழிறப்பரால் தேய்த்து மறுபடி செருகினாள். முதல் தடவை சரிவரவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை திரையில் வெளிச்சம் வந்தது. மீனம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, படம் வருமா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவள் எத்தனை முறை கழற்றிப் பூட்டினாள் என்று கணக்கில்லை. ஆணிகளைக் கோப்பைத் தட்டில் வரிசையாக வைப்பாள். எங்கே கழற்றியதோ அங்கேதான் அது போகவேண்டும். தமிழில் டைப் பண்ணிப் பழக ஏதாவது எழுதவேண்டியிருந்ததால், தன் கனவுகளையே எழுத ஆரம்பித்தாள். "கனவு" என்று பெயர் போட்ட கோப்பில் இருநூறுக்கு மேல் சேர்ந்தன. அதில் ஒன்றில் மீனம்மா கம்ப்யூட்டர் பெட்டிக்குள் குந்தியிருந்து ரொட்டி சுடுகிறாள். காத்தாடி சுற்றி அடுப்பை அணைக்கிறது என்று உள்ளேயிருந்தே ஏசுகிறாள். அதை வாசித்துக் காட்டியபோது மீனம்மா இரண்டு நாள் பேசவில்லை.

யசோதினி டீச்சர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறார். லயத்துப் பக்கம் வந்து பழக்கமில்லாதவர். கையில் லேப்டாப் பை. வாசலிலேயே நின்று பேசினார்.

"ரவுண் கடையில குடுத்துப் பாத்தனான். இனிச் சரிவராது எண்டு சொல்லிப்போட்டாங்கள். ஆறு வருசப் பாடம் முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு. நீங்கள் பெட்டி திருத்துவீங்கள் எண்டு பிள்ளையள் சொல்லிச்சினம்."

நம்பி வந்த குரலாக அது இல்லை. பூரணி அதைக் கவனித்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். லேப்டாப்பை அமுக்கினாள். சின்ன விளக்கு எரிந்தது, காத்தாடி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. ஜன்னலைக் கம்பளியால் மூடச் சொன்னாள். முத்துலிங்கம் மூடினார். டோர்ச்சை எடுத்துத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பார்த்தாள். கறுப்புக்குள் மங்கலாக எழுத்துகள் தெரிந்தன.

"கிட்ட வந்து பாருங்க டீச்சர். எல்லாம் உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு. திரைக்கு வெளிச்சம் குடுக்குறது மட்டும் செத்துப்போச்சு."

தன் கம்ப்யூட்டரின் திரையைக் கழற்றி, அதன் கம்பியை லேப்டாப்பின் பின்புறம் செருகினாள். கொஞ்ச நேரத்தில் சாமிப்படத்துக்குக் கீழே டீச்சரின் ஆறு வருடமும் வந்து நின்றது. யசோதினி எழுந்து வந்து, ஒவ்வொரு கோப்பின் பெயராக விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த பூரணி, லேப்டாப்பின் திரையை மாற்றத் தன்னிடம் சாமான் இல்லை, அது தனக்குத் தெரியவும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். டீச்சர் அன்று மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இரண்டு கிழமைக்குள் இரண்டு காரியம் நடந்தது. மருமகளுக்கு மாரியம்மன் கனவில் வந்து கம்ப்யூட்டர் வேலை சொல்லிக்கொடுக்கிறாள் என்று மீனம்மா கொழுந்து பறிக்கும் மலையில் சொல்லி வைத்தாள். பூரணி அதைக் கேட்டுச் சிரித்தாளே தவிர மறுக்கவில்லை. இரண்டாவது, யசோதினி டீச்சர் அவளைப் பள்ளிக்கூடத்து அதிபரிடம் கூட்டிப்போனார். அங்கே ஓர் அறையில் பதினொரு கம்ப்யூட்டர்கள் துணி போர்த்திக் கிடந்தன. பனியில் ஒவ்வொன்றாக நின்றுபோய், மூன்று வருடமாக அறை பூட்டியிருந்தது. அதிபர் பூரணியிடம் ஏதாவது சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டதையும் சொன்னாள். ஒன்றைத் திறந்து காட்டுகிறேன், பக்கத்தில் நின்று பாருங்கள் என்றாள். அன்றைக்கே ஒன்று ஓடியது. அடுத்த சனிக்கிழமை இன்னும் இரண்டு.

நாலாவது கம்ப்யூட்டர்தான் அவளைப் படுத்தியது. எரியும், உடனே அணையும். ஒரு சனிக்கிழமை முழுக்கப் பார்த்தும் பிடிபடவில்லை. அந்தக் கிழமை அவளுக்கு ஒரு கனவு வந்தது. பிள்ளைக்காம்பராவின் பதினாறு குழந்தைகளும் அந்தப் பெட்டிக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை அங்கே இருக்கும் சிவப்பு விசையைக் காட்டி, "இந்தப் பக்கம் தள்ளு ஆயா" என்கிறது. தள்ளியதும் அறை முழுக்க வெளிச்சம்.

அப்படி ஒரு விசை நிஜமாகவே கம்ப்யூட்டருக்குப் பின்னால் உண்டு. அது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. மாரியம்மன் கதையைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லிக் கேட்டதில், பாதி அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள். சனிக்கிழமை வந்ததும் விசையைத் தள்ளிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். வெடி போட்டதுபோல ஒரு சத்தம். புகை. யசோதினி ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். அதிபர் ஓடி வந்தார்.

"என் தப்புங்க சார்," என்றாள் பூரணி. "அந்த செவப்ப நான்தான் மாத்துனேன். என்னான்னு தெரியாமலே மாத்துனேன். கனவுல கண்டத செஞ்சு பாத்தேன்."

அதிபர் ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விட்டார். பிறகு அறையைப் பூட்டச் சொன்னார்.

அன்று சாயங்காலமே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று, சிவப்பு விசை எதற்கு என்று தேடிப் பார்த்தாள். மின்சாரத்தின் அளவு வேறாக இருக்கும் நாடுகளுக்காக வைத்தது அது. நம் நாட்டில் அதைத் தொடவே கூடாது. கருகியது கரண்ட் கொடுக்கும் பெட்டி மட்டும்தான், மற்றது தப்பியிருக்கலாம் என்றும் புரிந்தது. வீட்டுக்கு வந்து, மேசையில் இருந்த தன் கம்ப்யூட்டரைத் திறந்து அதற்குள் இருந்த கரண்ட் பெட்டியைக் கழற்றினாள்.

முத்துலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நம்மளோடது?"

"அது கெடக்கட்டும். கெடுத்தது நானு. நாந்தானே குடுக்கணும்."

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அதை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு அதிபரிடம் போனாள். கெஞ்சவில்லை. கருகியதற்குப் பதில் இது, பொருத்துவதற்கு அரைமணி நேரம் போதும் என்று மட்டும் சொன்னாள். யசோதினி தானும் நிற்பதாகச் சொன்னார். அதிபர் சாவியைக் கொடுத்தார். கரண்ட் பெட்டியை மாற்றியதும் அந்தக் கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. எரிந்து எரிந்து அணைந்ததற்கும் காரணம் அந்தப் பழைய பெட்டிதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பள்ளித் தவணை முடியுமுன் பதினொன்றில் ஏழு ஓடின. மீதி நாலையும் அவள் கழற்றி, நல்ல உறுப்புகளைத் துணியில் பொதிந்து பெயர் எழுதி வைத்தாள். இவை இனி ஓடாது, இவற்றுக்காகக் காத்திருக்கவேண்டாம் என்று அதிபரிடம் நேராகவே சொன்னாள். வகுப்புப் பிள்ளைகள் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேராக உட்கார்ந்தார்கள்.

கொழுந்து மலையில் மாரியம்மன் கதை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. இந்த முறை பூரணி சும்மா இருக்கவில்லை. மாமியாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அத்தே, சாமி மேல எனக்கு பக்தி இருக்கு. ஆனா கனவுல வந்தத செஞ்சது ஒரே ஒருக்கா, அன்னைக்குதான் வெடிச்சுச்சு. மத்ததெல்லாம் நான் படிச்சு செஞ்சது. நான் படிச்சேன்னு சொல்லுங்க."

அப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்களே என்றாள் மீனம்மா. ஆனாலும் மறுநாள் போய்ச் சொன்னாள் என்று கேள்வி.

சான்றிதழ் விஷயத்தை விடாமல் பிடித்தது யசோதினிதான். ஹட்டனில் ஒரு பயிற்சி நிலையத்தில், வேலை செய்தே பழகியவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள், படிப்பைக் கேட்கமாட்டார்கள் என்று விசாரித்து வந்தார். பிள்ளைக்காம்பராவில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு பூரணி போனாள். சோதிக்க வந்திருந்தவர் ஒரு சிங்கள ஐயா. வந்திருந்த ஒன்பது பேரில் பெண் இவள் ஒருத்திதான்.

ஆளுக்கொரு ஓடாத கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் உடனே ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தார்கள். பூரணி பெட்டியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்த்தாள். ஏன் என்று ஐயா சிங்களத்தில் கேட்டார். கருகிய வாசனை இருந்தால் கரண்ட் கொடுக்கக்கூடாது என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். வாசனை இல்லை. மெமரிப் பட்டையும் சுத்தம். ஸ்விட்சிலிருந்து உள்ளே போகும் மெல்லிய கம்பியைத் தடவிக்கொண்டே போனபோது, அதன் நுனி கழன்றிருப்பது தெரிந்தது. பிழை அங்கேதானா என்று பார்க்க, கம்பியைச் செருகுமுன் அது செருகும் இரண்டு முனைகளையும் திருப்புளியால் சேர்த்துத் தொட்டாள். காத்தாடி சுற்றியது.

யாரிடம் படித்தாய் என்று ஐயா கேட்டார்.

பாதி போனில் பார்த்து, மீதி கெடுத்துக் கெடுத்து என்றாள். அவர் சிரித்தபடி ஏதோ எழுதிக்கொண்டார்.

சான்றிதழ் ஒன்றரை மாதத்தில் தபாலில் வந்தது. யசோதினி அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார். அதிபர் பிரதி எடுத்துக் கோப்பில் வைத்து, செவ்வாய், வியாழன்களில் வேலை முடிந்தபின் அறையைப் பார்த்துக்கொள்ளும்படி கடிதம் கொடுத்தார். முத்துலிங்கம் மூலச் சான்றிதழைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், கையில் யாருக்கும் கொடுக்காமல் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார்.

அடுத்த கிழமை ஒரு முற்பகல், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, தோட்ட ஒப்பீஸிலிருந்து ஆள் வந்தது. ஒப்பீஸ் கம்ப்யூட்டர் இரண்டு நாளாக அசையவில்லையாம். சம்பள வேலை நிற்கிறதாம். தோட்டத்தை நடத்தும் துரை உடனே வரச் சொன்னாராம்.

பூரணி ஒரு குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வர்றேன்னு சொல்லுங்க. நாலரைக்கு தாய்மாருங்க வந்து புள்ளைங்கள தூக்கிட்டுப் போனப்பறம் வர்றேன். அதுவரைக்கும் யாரும் எதையும் அமுக்க வேணாம்னு சொல்லுங்க."

ஆள் போய்விட்டது. அவள் அடுத்த கிண்ணத்தை எடுத்தாள்.