அவர் போட்டு வைத்த வரிசை

ரிமோட்டை அத்தை பாலித்தீன் உறையிலிருந்து வெளியே எடுக்கவே மாட்டார். வாங்கிய அன்று வந்த அதே உறை. ஓரத்தில் ஒரு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை என் மடியில் வைத்து, "அவன் அடுத்தது எது போட்டிருப்பான்? அத போடு," என்றார். என் கணவர் இறந்து கருமாதி முடிந்திருந்தது. அதுவரை டிவியின் மேல் ஒரு பழைய புடவை போர்த்தியிருந்தது. சாவு விழுந்த வீட்டில் டிவி ஓடக்கூடாது என்று முதல் நாளே யாரோ போர்த்திவிட்டுப் போன புடவை. அதை உருவி, உதறி, நான்காக மடித்து அலமாரியில் வைத்தது அத்தைதான். பெற்ற பிள்ளையின் காரியம் முடிந்த வீட்டில் ஒரு மாமியார் முதலில் செய்த வேலை அது. நான் ரிமோட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அடுத்தது எது என்று எனக்குத் தெரியாது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. விண்வெளியில் நடக்கும் ஒரு பெரிய சண்டைக் கதை. முதலில் சினிமாவாக வந்தது. பிறகு அதிலிருந்து கிளை பிரிந்து அனிமேஷன் தொடர்களாக வந்துகொண்டே இருந்தது. இதில் சிக்கல் என்னவென்றால், தொடர்கள் வெளிவந்த வரிசை வேறு, கதை நடந்த வரிசை வேறு. முதலில் வந்த தொடரில் கிழவனாக இருப்பவன் அடுத்து வந்த தொடரில் பள்ளிக்கூடம் போவான். ஒன்றில் செத்தவன் இன்னொன்றில் உட்கார்ந்து டீ குடிப்பான். எதை முதலில் பார்ப்பது, எதை எதற்கு நடுவில் செருகுவது என்று இணையத்தில் ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். வெளிவந்த வரிசைக் கட்சி, கதை வரிசைக் கட்சி. இவர்களிடம் வடகலை தென்கலை சண்டை தோற்றுப்போகும். என் கணவர் இரண்டிலும் சேராமல் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தார். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை, என்னிடம் சொன்னதும் இல்லை. கல்யாணமான புதிதில் என்னை உட்கார வைத்து முதல் பகுதியைப் போட்டார். நான் அவர் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன். அதோடு என்னை விட்டுவிட்டார்.

மாமனார் போன பிறகுதான் அந்த இடம் அத்தைக்குக் கிடைத்தது. திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்து, மந்தைவெளிக்குக் குடிவந்த பிறகும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர் அத்தை. ஞாயிறு மீன் குழம்புச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் பிள்ளையும் டிவி முன்னால் பாய் விரித்து உட்கார்வார்கள். தொடர் ஆங்கிலத்தில் ஓடும். ஒவ்வொருவர் வாய் திறக்கும்போதும் என் கணவர் அதைச் சென்னைத் தமிழில் பேசிக் காட்டுவார். பெரிய பெரிய தளபதிகள் எல்லாம் எங்கள் வீட்டில் "இன்னாபா, கப்பல் ரெடியா?" என்றுதான் கேட்பார்கள். அத்தை எல்லாருக்கும் தன் பங்குக்குப் பெயர் வைத்திருந்தார். சரக்குக் கப்பல் ஓட்டும் பெண் கப்பல்காரி. அவளுடைய மகன் சின்னவன். கூடவே சுற்றும் இயந்திரம் தகர டப்பா. நான் சமையலறையில் பாத்திரம் துலக்கியபடி, "தகர டப்பாவுக்கு எண்ணெ போட்டாங்களா?" என்று கிண்டல் செய்வேன். "உனக்கு இன்னா தெரியும், நீ தூங்கறவ," என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை அவரிடம் சொன்னதாக நினைவில்லை.

ஒரு வேலை நாளில் பெருங்குடி அலுவலகத்தில் லிஃப்டுக்காக நின்றிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தவையெல்லாம் எனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்த மாதிரிதான் இருக்கின்றன. நான் அழவில்லை. அத்தையும் அழவில்லை. வந்த பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. சாவு வீட்டில் ஒருத்தி அழாவிட்டால் அவளை அழவைக்க வேண்டியது வந்தவர்களின் கடமை. தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவருடைய சட்டையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். "அழுதுடுமா, அடக்கி வெச்சா நெஞ்ச அடைக்கும்," என்றார்கள். நான் எதையும் அடக்கவில்லை. வந்தால்தானே அடக்குவதற்கு? எனக்கு வந்ததெல்லாம் தூக்கம் மட்டும்தான். நடையில் நின்று ஒரு பெரியம்மா, "கல்லு மாரி குந்திக்கினு கீறாளுங்க ரெண்டு பேரும்," என்று சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அந்த ஞாயிறு டிவி ஓடியது. நாத்தனார் அன்றைக்கு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, கருமாதி சாப்பாட்டு ஏனம் இன்னும் கழுவி முடியல, அதுக்குள்ள பொம்மப் படமா? அக்கம்பக்கத்துல இன்னா நெனப்பாங்க?" என்றாள். அத்தை, "நீ பஸ்ஸ பாரு," என்றார். நான் திரை எதைக் காட்டியதோ அதை அழுத்தினேன். பெயர் ஓடுவதற்குள் அத்தை கையை ஆட்டினார். "இது இல்ல. இத அவன் போட மாட்டான்." இன்னொன்றைப் போட்டேன். "இதுவும் இல்ல." கடைசியில் ஏற்கெனவே பார்த்த ஒன்றையே திரும்பப் பார்த்தோம். பேசிக் காட்ட ஆளில்லாததால் தளபதிகள் ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே கையாட்டல். வாரம் முழுக்க அத்தை என்னிடம் கேட்பது அது ஒன்றுதான். பால் வந்ததா, கேஸ் சொல்லியாயிற்றா என்பது கூட நின்றுபோயிருந்தது. அந்த ஒரு கேள்வியும் நின்றுவிட்டால் இந்த வீட்டில் என்ன மிஞ்சும் என்று எனக்குப் பயமாக இருந்தது. மரத்துப்போன அந்த நாட்களில் நான் உணர்ந்த ஒரே விஷயம் அந்தப் பயம்.

அதனால் நான் தேட ஆரம்பித்தேன். தி. நகரில் என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அந்தக் கட்சிக்காரர்களின் சண்டையைப் படித்தேன். தொடர் பார்த்துத் தூங்கியவள், அந்தத் தொடருக்கே பஞ்சாங்கம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். அம்மாவும் பிள்ளையும் பார்த்து முடித்ததாக டிவி காட்டிய பட்டியலை எந்த வரிசையோடு ஒட்டிப் பார்த்தாலும் ஓர் இடம் மட்டும் இடித்தது. இரண்டாவது தொடரின் கடைசிப் பகுதியை அத்தை பார்க்கவே இல்லை. எந்தக் கட்சிக்காரனைக் கேட்டாலும் அது முன்னாலேயே வந்திருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போய், அதற்குப் பிறகு வருவதை எல்லாம் என் கணவர் காட்டியிருந்தார். நல்லதைக் கடைசிக்கு வைத்திருந்தார் போல என்று நினைத்தேன். சாப்பாட்டிலும் அவர் அப்படித்தான், வறுத்த மீனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுக் குழம்புச் சோற்றை முதலில் முடிப்பார்.

அவருடைய கல்லூரிச் சிநேகிதர் ஒருவர் திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். இந்தப் பைத்தியத்தில் அவருக்குக் கூட்டாளி. ஒரு ஞாயிறு பகலில் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவரை வழியனுப்பக் கீழே இறங்கியபோது, கேட்டருகே நிறுத்தி இதைக் கேட்டேன். அவர் ஹெல்மெட்டை மாட்டப் போனவர் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அதுல கப்பல்காரி புள்ள சின்னவன் செத்துடுவான் அண்ணி. 'எங்கம்மா கதைல சாவு வந்தாலே சோறு துன்னாது மச்சி, இத மட்டும் காட்ட மாட்டேன்'னு சொல்லிட்டான். அத சுத்திக்கினு போற மாரி மொத்தத்துக்கும் ஒரு ரூட்டு போட்டான். அது ஒண்ணும் லேசுபட்ட வேல இல்ல அண்ணி. எங்க தொட்டாலும் அந்தச் சாவு வந்துடும்."

"அதுக்கப்புறம் எதைக் காட்டறதா இருந்தார்?"

"ஒண்ணும் இல்ல. அவன் ரூட்டு முடிஞ்சிடுச்சு. புச்சா எதுனா வந்தா பாத்துக்கலாம்னான்."

அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் கேட்டருகிலேயே நின்றேன். அப்படியானால் அடுத்தது என்று ஒன்று இல்லவே இல்லை. மீதி இருப்பதெல்லாம் அம்மா பார்க்கக்கூடாது என்று அவர் ஒதுக்கியவை மட்டும். அத்தையிடம் முடிந்துவிட்டது என்று சொன்னால் அந்த வாராந்திரக் கேள்வியும் போய்விடும். சொல்லாமல் அதைப் போட்டால் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குப் பிள்ளை சாவதைக் காட்டினவள் ஆவேன். மாடிப்படி ஏறும்போது இந்த இரண்டில் எதுவும் எனக்கு வலிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டுதான் ஏறினேன்.

அத்தை பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அவ்வளவுதான் அத்தை. அவர் காட்ட நினைச்சது எல்லாம் காட்டி முடிச்சுட்டார்," என்றேன்.

அத்தை தலையை ஆட்டினார். "அந்தச் சின்னவன் செத்துட்டான்ல?"

அது எப்படித் தெரியும் என்பதையும் அத்தை தானாகவே சொன்னார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் சந்துக்கு மொத்தமாக ஒரே வாரப் பத்திரிகைதானாம். வீடு வீடாகச் சுற்றி இவர்கள் வீட்டுக்குக் கடைசியில் வரும். சில வாரம் வராது, யாராவது மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போட்டிருப்பார்கள். "தொடர்கதைல ஒரு வாரம் காணாம பூடும். ஆனா அடுத்த வாரம் மத்தவங்க பேசறத பாத்தாலே, நடுவுல யாரு செத்தாங்கன்னு தெரிஞ்சிடும். இதுல கப்பல்காரி சாப்புட குந்தறப்ப எப்பவும் ரெண்டு தட்டு வெப்பா. அப்பறம் பாத்தா ஒரு தட்டுதான் வெக்கறா. அவன் பேர யாரும் எடுக்கல. இது தெரியாதா எனக்கு?"

"அப்பவே அவர்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"எனக்காக ஒண்ண மறச்சிக்கினு கீறான். கண்டுபுடிச்சிட்டேன்னு சொன்னா அவன் மூஞ்சி சின்னதா பூடும். வுட்டுட்டேன்." அத்தை ரப்பர் பேண்டைச் சரிசெய்து ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "இனிமே எங்கிட்ட மறைக்கறதுக்கு இன்னா கீது? போடு."

போட்டேன். அன்றைக்கு நான்தான் பேசிக் காட்டினேன். அவர் மாதிரி எனக்கு வராது. பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. சின்னவன் சாவதைத் திரையில் காட்டவே இல்லை. சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போது கப்பல்காரிக்கு ஒலிபெருக்கியில் செய்தி வருகிறது. அவள் கேட்டுக்கொள்கிறாள். பிறகு மீதிப் பெட்டிகளை எங்கே வைக்க வேண்டும் என்று ஆட்களுக்குக் கை காட்டுகிறாள். கடைசிப் பெட்டி இறங்கும்வரை அங்கேயே நிற்கிறாள்.

"இவ அழலியே," என்றார் அத்தை.

"வரல போல, அத்தை."

அத்தை திரையைப் பார்த்தபடியே பேசினார். "எனக்குந்தான் வரல. பெத்தவளுக்கே வரலன்னா இது இன்னா ஜென்மம்னு நெனச்சிக்கினே கீறேன். ஊரே அழுதுச்சு. எனக்கு வரலமா. உனக்கு?"

"எனக்கும் வரல."

"அன்னிலேர்ந்தா?"

"அன்னிக்கிலேர்ந்து."

அத்தை என் கையைப் பிடிக்கவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. அதெல்லாம் அவருக்குப் பழக்கம் கிடையாது. பாயில் கொஞ்சம் நகர்ந்து, சுவரில் நானும் சாய்ந்துகொள்ள இடம் விட்டார். மீதியையும் அன்று பார்த்தோம். அதற்கடுத்த ஞாயிறுகளில் எதை எதற்கு முன்னால் போடுவது என்று யாரும் கேட்கவில்லை. கைக்கு வந்ததைப் போட்டோம். கிழவன் பையனானான், பையன் கிழவனானான்.

இப்போது மந்தைவெளி வீட்டை விட்டாயிற்று. நான் அடையாற்றில் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறேன். அத்தை நாத்தனாரோடு வெளியூரில். அங்கே டிவி பேரப் பிள்ளைகளின் கையில். ஞாயிறு மதியங்களில் போன் செய்வார். என்ன குழம்பு, மழை பெய்ததா, அவ்வளவுதான் பேச்சு. போன வாரம் எடுத்தவுடன், "நேத்து வந்துடுச்சுமா," என்றார். என்ன வந்தது என்று கேட்டேன். "அழுவ," என்றார். கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வந்ததாம். எதையும் நினைக்கவில்லையாம். கீரையை அப்படியே வைத்துவிட்டு விளக்கு வைக்கும் நேரம்வரை அழுதாராம். நாத்தனார் பயந்து டாக்டரைக் கூப்பிடப் போனாளாம்.

"உனக்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல, அத்தை."

அத்தை போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.