மூன்றாவது ஸ்டிரிங் ஏன் சோர்ந்தது

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில். ஷெட் கூரை முழுக்கச் சோலார் பேனல், பேனல் முழுக்கக் கரி. அதைக் கழுவும் கான்டிராக்டில் நான் சூப்பர்வைசர். கீழே உலை புகைந்துகொண்டிருக்கும், மேலே நாங்கள் பசுமையைத் துடைத்துக்கொண்டிருப்போம்.

விடிந்ததும் கழுவி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவது வழக்கம். சூடான கண்ணாடியில் தண்ணீர் அடித்தால் விரிசல் விடும். இதை மேனேஜருக்கு மாதம் ஒருமுறை புதிதாகச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அவர், எந்த வரிசை எவ்வளவு கரண்ட் தருகிறது என்று காட்டும் மொபைலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மூணாவது ஸ்டிரிங் மதியத்துக்கு மேல படுத்துக்குது. அந்த வரிசையை யாருய்யா தொடைக்கிறது?"

"புதுவாயல் செல்விம்மா சார்."

"மேல போய் போன் பார்த்துகினு இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவல, அந்தம்மாவை நிறுத்திடு."

காலையில் துடைத்தது மதியம் மட்டும் எப்படி அழுக்காகும் என்று கேட்டிருக்க வேண்டும். "சரி சார்" என்றேன். இத்தனை வருட அனுபவம் அதற்குத்தானே.

செல்வி நான்கு வருடமாக எங்களிடம் இருப்பவர். அவர் துடைத்த பேனலில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அவர் ஒருவர் சம்பாத்தியத்தில்தான் அந்த வீடு ஓடியது. இதெல்லாம் தெரிந்தும் அவர் மேலேயே சந்தேகப்பட்டேன். சாயங்காலம் கண்ணாடி ஆறியதும் இன்னொரு ரவுண்டு போடவைத்து, பக்கத்தில் நின்று மேற்பார்வை வேறு. ஸ்டிரிங் எழுந்திருக்கவில்லை. சூடு இறங்கட்டும் என்று நாலு மணிக்கு வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை டீ வேளையில் விஷயத்தைச் சொன்னேன். செல்வி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாண்ணே சொல்ற? கை தேயத் தேச்சிக்கினு கீறேன். இன்னும் இன்னா பண்ணணும்?"

கோபத்தில் எழுந்து பத்தடி போனவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்.

"அண்ணே, இங்க வெயிலு மண்டைய பொளக்குது. நீ குந்தினுகீற எடம் மட்டும் எப்படிண்ணே நெழலா கீது?"

நிமிர்ந்து பார்த்தேன். கூரையின் மேற்கு ஓரத்தில், போன மாதம் முதலாளி திறந்துவைத்த ராட்சத போர்டு: 'எங்கள் ஆலை சூரிய சக்தியில் இயங்குகிறது.' அதன் நிழல் மூன்றாவது ஸ்டிரிங்கில் எட்டு பேனல்களை மூடியிருந்தது. தொடராக இணைத்த பேனல்களில் சிலவற்றில் நிழல் விழுந்தால் மொத்த வரிசையும் சோர்ந்துபோகும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். ஒரு வாரமாக அந்த நிழலில் டீ குடித்ததும் நான்தான். செல்வியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மேனேஜரை மேலே கூட்டிவந்தோம். நிழலைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார்.

"போர்டை கழட்ட சொன்னா என் வேலை போய்டும்யா. இந்த எட்டையும் லைன்லேர்ந்து கட் பண்ணிடு."

கட் பண்ணினோம். மிச்ச வரிசை எழுந்து உட்கார்ந்தது. செல்வியின் வேலை தப்பியது. மேனேஜர் அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நான் சொன்னேன். "எம்மேல தப்பு இருக்காதுன்னு அன்னிக்கே அவர்கிட்ட சொல்லியிருக்கணும்ண்ணே" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புகார் வந்தால், துடைக்கிறவரை முறைப்பதற்கு முன் தலையைத் தூக்கி ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

அந்த எட்டு பேனல்களையும் இன்றும் தினமும் இரண்டு முறை கழுவுகிறோம். போர்டைப் போட்டோ எடுத்தால் அவைதான் முன்னால் தெரிகின்றனவாம்.