எண்ணெய் குடித்த குழாய்

உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து என்றால், கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு வேலையை முடித்துவிட்டு, மேலிடத்துக்குப் பிறகு எழுதித் தெரிவிக்கலாம். எங்கள் அலுவலகக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. நான் தென்காசிக்குத் தலைமை எழுத்தராக வந்து சேர்ந்தபோது, அது அதுவரை ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். ஆபத்து உடனடியானதுதானா என்பதை மேலிடம் தீர்மானிக்க வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் இன்னொரு விதி இருந்ததுதான் காரணம்.

எழுபதுகளின் கடைசி. குற்றாலத்தில் எங்கள் பொறுப்பில் ஒரு பயணியர் விடுதி. அதன் வாசலில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. எங்கள் துறைக்கு அதைவிடப் பொருத்தமான மரத்தை யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. வைகாசிக் காற்றில் அதன் பெரிய கிளை அடியில் விரிசல் விட்டது. விரிசலுக்கு நேர் கீழே ஓர் ஓட்டுக் கடை. அருவிக்குப் போகிறவர்களுக்கு நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொட்டலமும் விற்கும் கடை. சாரல் காலத்து வியாபாரத்தில்தான் அந்தக் கடைக்காரம்மாவுக்கு ஆண்டு முழுவதும் அடுப்பு எரிந்தது.

கடையைப் பிரித்துவிட்டுக் கிளையை விழவிடுவது எளிது. எங்கள் பொறியாளர் அதைத்தான் சொன்னார். அவர் புதியவர், உரிம விதி தெரியாது. கூரை போனால் உரிமமும் போகும். அந்தச் சாலையில் புதிய கடைக்கு அனுமதி இல்லை. பழைய கடை நிற்கலாம், நிற்கும் வரை.

"கடைய எடுக்கச் சொல்லுதாரு அண்ணாச்சி, உங்க இன்சினியரு," என்று அந்த அம்மா என்னிடம் வந்தார். "எடுத்துட்டு நான் எங்கன போயி உக்கார? அருவிக்குள்ளயா?"

ஆகவே கிளையைத் துண்டு துண்டாக அறுத்து, கயிற்றில் கட்டி, ஓட்டில் படாமல் இறக்க வேண்டும். கேரள எல்லையிலிருக்கும் புளியறையிலிருந்து மரம் ஏற்றி இறக்கும் ஆட்கள் வந்தார்கள். உறுதியான உயரக் கவையில் ஒரு கப்பியைக் கட்டி, அதன் வழியாகக் கயிற்றைத் தரைக்குக் கொண்டுவருவது வரை எல்லோருக்கும் ஒரே கருத்து. அறுபட்ட துண்டின் கனத்தைத் தரையில் எதைக் கொண்டு அடக்குவது? அங்கேதான் நாங்கள் பிரிந்தோம்.

பொறியாளர், சங்கிலியை இழுத்துப் பாரம் ஏற்றி இறக்கும் செயின் பிளாக் வேண்டும் என்றார். அதில் எத்தனை டன் தாங்கும் என்று தகட்டில் பொறித்திருக்கும். தகட்டைப் பார்த்துக் கோப்பில் எழுதலாம். புளியறைத் தலைவர் கையை விரித்தார். "செயினு விடாது சாரே. துண்டு விழுதப்ப கொஞ்சம் ஓடவிட்டு மெள்ளப் பிடிக்கணும். அந்தா நிக்குத தென்னையில ரெண்டு சுத்து சுத்துனா மதி." அந்தத் தென்னை பக்கத்துக் காம்பவுண்டைச் சேர்ந்தது. அது வேறு துறை. அதில் கயிறு சுற்றத் தடையில்லாச் சான்று வேண்டும்.

மூன்றாவது யோசனை என்னுடையது. அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தூத்துக்குடியில் கப்பல் கயிற்றை இரும்புக் கட்டையில் சுற்றி அடக்குவதை நான் பார்த்திருந்தேன். எங்கள் கிட்டங்கியில் தடித்த இரும்புக் குழாய் ஒன்று ஏலத்துக்காகக் காத்துக் கிடந்தது. அருவிக்கு இறங்கும் படிகளில் கைப்பிடியாக இருந்து கழற்றப்பட்டது. அதை மரத்தின் அடியிலேயே சங்கிலியால் இறுக்கிக் கட்டி, அதில் கயிற்றைச் சுற்றி விட்டால் என்ன?

மூன்றையும் எழுதி, எதைத் தேர்வு செய்வது என்று மேலிடத்தைக் கேட்டோம். ஆனி பிறந்தது. மலையில் மேகம் இறங்கியது. பதில் மட்டும் இறங்கவில்லை.

கிளையை வெட்டத்தான் அனுமதி வேண்டும். துண்டுக்குப் பதிலாக ஒரு மணல் மூட்டையை இறக்கிச் சோதிக்க அனுமதி வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இதைப் பொறியாளருக்கு எடுத்துச் சொன்னேன். கடைக்கு எதிர்ப்புறம் நீண்டிருந்த கிளைக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. அங்கே மூட்டையை மேலே ஏற்றி, விழவிட்டுப் பார்த்தோம்.

செயின் பிளாக் மூட்டையைச் சட்டென்று நிறுத்தியது. அந்த உலுக்கலில் மரம் முழுவதும் ஆடி, எங்கள் தலையில் இலை கொட்டியது. பொறியாளர் தகட்டைத் துடைத்து மறுபடி படித்தார். தென்னையை, அந்தத் துறை மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்துச் சோதித்தோம். அதன் வரிகளில் கயிறு மாட்டி மாட்டி, மூட்டை விக்கல் எடுத்தபடி இறங்கியது. தலைவர் காற்றைக் குறை சொன்னார்.

கடைசியில் என் குழாய். மூன்று சுற்று சுற்றி, தலைவர் முனையைப் பிடித்தார். மேலே கட்டு அவிழ்ந்ததும் கயிறு குழாயில் வழுக்கிக்கொண்டு பறந்தது. தலைவர் கையை விட்டுத் துள்ளினார். மூட்டை தரையில் வெடித்து, மணல் என் வேட்டி வரை வந்தது.

"ஏலே, கப்பல் வந்துட்டுலே!" என்று மரத்தின் மேலிருந்து ஒருவன் கத்தினான்.

எல்லோரும் சிரித்து முடிக்கும் வரை நான் மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்து மோந்து பார்த்தார். குழாயை விரலால் தடவி, அந்த விரலையும் மோந்தார்.

"நல்லெண்ண அண்ணாச்சி. என் கடைச் சரக்கேதான். மேலு பூரா தேச்சுக்கிட்டு இதப் பிடிச்சுத்தானவே ஊரு உலகமே படி எறங்குச்சு?"

உண்மைதான். துருவின் குழிகளிலெல்லாம் பல சீசன்களின் எண்ணெய் ஊறிக் கிடந்தது. குற்றாலத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, அருவிக் கைப்பிடியைப் போய்ப் பிடிமானத்துக்குத் தேர்ந்தெடுத்த அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"அப்ப குழாயும் போச்சா?" என்றார் பொறியாளர்.

"தலைக்கு எண்ண வச்சா தலைய வெட்டியா எறியுதோம்?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா கடைக்குள் போய் ஒரு கூடை சீயக்காய்ப் பொட்டலங்களோடு வந்தார். குழாய்க்கு எண்ணெய்க் குளியல் முடித்து வைக்கப்பட்டது. சீயக்காயும் செங்கல் பொடியும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தார்கள். முதல் தண்ணீர் கஞ்சி மாதிரி வழிந்தது. "நல்லாத் தேயிங்கவே, காது மடலுக்குப் பின்னால விட்டுருதீங்க," என்று அவர் அதட்டிக்கொண்டே இருந்தார். பொறியாளரும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து தேய்த்தார். அதற்கும் விதி இல்லை.

குழாய் காய்ந்தபின் மறுபடி புதிய மூட்டை. இரண்டு சுற்றில் கொஞ்சம் வேகமாக ஓடியது. நான்கில் நின்றுவிட்டது. மூன்றில் சொன்னபடி கேட்டது. தலைவர் பிடியைத் தளர்த்தினால் ஓடியது, இறுக்கினால் தயங்கி நின்றது. மரத்தில் ஓர் இலைகூட உதிரவில்லை.

மறுநாள் காலை காற்று பலத்தது. விரிசலுக்குள் கையை விடலாம் போல் இருந்தது. கோப்பில் இன்னும் பதில் இல்லை. பொறியாளர் கொஞ்ச நேரம் மரத்தையும், பிறகு கடையையும் பார்த்தார்.

"உடனடி ஆபத்துன்னு எழுதுங்க சார். நான் கையெழுத்துப் போடுறேன்."

"அதை மேலிடம்தானே தீர்மானிக்கணும்?"

"மேலிடம் வந்து இதுக்குக் கீழ நிக்கட்டும், தீர்மானிக்கலாம்."

அந்த விதியை என் கையால் முதன்முதலாக அன்றுதான் எழுதினேன். எழுத்து வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தது.

கடைக்காரம்மா சாலைக்கு அந்தப் பக்கம், முந்தானையை வாயில் வைத்தபடி நின்றார். ரம்பம் நின்றதும் முதல் துண்டு ஓட்டின் மேல் ஓர் ஆள் உயரத்தில் தொங்கியது. குழாயில் கயிறு முனகியது. இரண்டு பேர் பக்கக் கயிற்றை இழுக்க, துண்டு மெதுவாகச் சாலைப் பக்கம் விலகி, கிழவர் பாயில் உட்காருவது போலத் தரையில் உட்கார்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசித் துண்டு இறங்கும்போது சாரல் விழத் தொடங்கியிருந்தது. ஓர் ஓடுகூட உடையவில்லை. தலைவர் கையைத் தேய்த்துக்கொண்டு, "கப்பல் கரை சேந்தாச்சு சாரே," என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் பார்த்துவிட்டுக் கடையைத் திறந்தார். அந்த ஆண்டு சீசன் நன்றாக இருந்தது. அருவி கொட்டியது, எண்ணெய் விற்றது. கிளை போன இடத்தில் ஆவணிக்குள் தளிர் விட்டது.

பிறகு மேலிடத்தின் பதிலும் வந்தது. எந்தக் கருவி என்பது பரிசீலனையில் இருக்கிறது, முடிவு தெரிவிக்கப்படும் வரை கிளையை இப்போதுள்ள நிலையிலேயே வைத்திருக்கவும் என்று அதில் கண்டிருந்தது. அதைக் கோப்பில் சேர்த்து, உறையின் மேல் வழக்கம்போல் பெறப்பட்ட தேதியைக் குறித்தேன்: ஐப்பசி இரண்டு.