தலைவர் இல்லாத முகாமில் ஆறு நாள்

யாரையும் அதட்டாமல் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஐம்பது வயதில் வந்தது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு தினமும் பஸ்ஸில் போய் இருபத்தாறு வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். பள்ளியில் தேர்வுப் பொறுப்பு, மாதா கோயிலில் அன்பியக் குழுப் பொறுப்பு, வீட்டில் மிச்சமிருக்கிற எல்லாப் பொறுப்பும். செக்காலை ரோட்டில் ஆட்டோவுக்குக் கை காட்டினால்கூட ஓட்டுநர் வாயிலிருப்பதைத் துப்பிவிட்டு, சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டுதான் "ஏறுங்க டீச்சர்" என்பார்.

அந்த வருடம் மே மாதம் ஆத்தங்குடிக்கு அப்பால் ஒரு பொட்டலில் பாலைவனக் கலைவிழா நடக்கப்போவதாகச் செல்போனில் விளம்பரம் வந்தது. இந்தியாவில் பாலைவனம் எங்கே என்று கேட்டால் வரைபடத்தின் வடமேற்கு மூலையைத் தொட்டுக் காட்டப் பிள்ளைகளைப் பழக்குகிறவள் நான். நம் ஊரையே பாலைவனம் என்று சொன்னால் கோபம் வரவேண்டும். ஆனால் கீழே இருந்த வரி என்னைப் பிடித்துக்கொண்டது. தன்னார்வலர்களே நடத்தும் கூட்டு முகாம். தலைவர் இல்லை, வேலைக்காரர் இல்லை, வேடிக்கை பார்ப்பவரும் இல்லை. சேருவதற்கான படிவத்தில், 'முகாமுக்கு என்ன தருவீர்கள்?' என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் கிதார், யோகா, தச்சு வேலை என்று எழுதியிருந்ததாகப் பிறகு தெரிந்தது. நான், 'பேசாமல் இருப்பேன்' என்று எழுதினேன். பதிலுக்கு நான்கு இதயங்கள் அனுப்பியிருந்தார்கள்.

"கத்திரி வெயில்ல பொட்டக்காட்டுல போய் உக்காரணும்னு விண்ணப்பம் போட்டவ நீ ஒருத்திதான்" என்றார் கணவர். ஆனால் பையை அவர்தான் மகிழ்ச்சியோடு கட்டிக் கொடுத்தார்.

முகாமைத் தொடங்கியவர் பெங்களூரில் வேலை பார்க்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர். வரவேற்ற முதல் பத்து நிமிடத்தில், "நான் இங்க தலைவர் இல்லை" என்று மூன்று முறை சொன்னார். எல்லாரும் புதுப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமாம். நிலா, காற்று, சாம்பல் என்று நல்ல பெயர்களெல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்களுக்குப் போய்விட்டன. நான் ஒரு அட்டையில் 'சும்மா' என்று எழுதி நெஞ்சில் குத்திக்கொண்டேன்.

முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்து முதல் முடிவை எடுத்தோம். தண்ணீர் டிரம்மை எங்கே வைப்பது? சம்மதம் என்றால் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும். ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் பேச்சு முதலிலிருந்து தொடங்கும். சமையல் பக்கம் வைக்கலாம் என்றார் ஒருவர். தண்ணீர் முகாமின் இதயம், அது நடுவில் இருக்க வேண்டும் என்றார் ஒரு நடனக்காரப் பெண். இரண்டரை மணி நேரம் கழித்து டிரம் நடுவுக்குப் போனது. நான் விரலை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்கவே இல்லை.

திறந்திருக்க வேண்டும். நாங்கள் உட்கார்ந்திருந்தது பாலைவனமும் இல்லை, பொட்டலும் இல்லை. அது கண்மாயின் உள்வாய், மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற இடம். காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வந்தவர்கள் அந்த வெடிப்புகளில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கண்மாய்க்குள் கூடாரம் போடக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் நான் பேசாமலிருப்பேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அடுப்பில் நெருப்பில்லை. சமைக்க வேண்டியவர்கள் மூங்கிலில் ஒட்டகம் செய்யப் போயிருந்தார்கள். பதினொரு மணிக்கு முகாமின் இதயத்திலும் தண்ணீர் இல்லை. டேங்கருக்கு யாராவது போன் செய்திருப்பார்கள் என்று முப்பது பேரும் நினைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் வெயிலில் மயங்கி விழுந்தாள். அவளை நிழலில் கிடத்தி, என் பாட்டிலில் இருந்த தண்ணீரை முகத்தில் தெளித்துவிட்டு, எனக்குத் தெரிந்த தண்ணீர் டிராக்டர்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணே, எங்க இருக்கீக? கண்மாய்க்கு ஒரு டேங்கர் உடனே வேணும்."

அரை மணியில் தண்ணீர் வந்தது. கையோடு ஒரு சுவரொட்டியைத் திருப்பிப் போட்டு, கோடு கிழித்து, யார், எப்போது, என்ன வேலை என்று எழுதி மாட்டினேன். தேர்வு முடிவு ஒட்டிய பலகை முன்னால் நிற்பதுபோல் எல்லாரும் அதன் முன்னால் நின்று தங்கள் பெயரைத் தேடினார்கள். சாயங்காலத்துக்குள் 'சும்மா' போய் 'டீச்சர்' வந்துவிட்டது. கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற தாடிக்காரர் ஒருவர் துண்டோடு வந்து, "டீச்சர், நான் குளிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"சரி, சீக்கிரம் வா" என்றேன். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவராக இருப்பார்.

வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷமாக இருந்ததை மறைக்க முடியாது. முகாமைத் தொடங்கியவரின் பெயருக்கு நேரே கழிப்பறைக் குழியில் சாம்பல் போடும் வேலை விழுந்திருந்தது. சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி போட்டார். சிரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

நாலாம் நாள் மூன்று மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. மண்வாசம் வந்தபோது எல்லாரும் கைகளை விரித்து ஆடத் தொடங்கினார்கள். நான் கரையைப் பார்த்தேன், தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலைப் பார்த்தேன்.

"எல்லாரும் கரைக்கு ஏறுங்க! படுக்கையை எடு, போனை எடு, நட!"

"இதுக்கு ஒரு வட்டம் போட்டுப் பேசிடலாமா?" என்று யாரோ கேட்டார்கள். பள்ளி வராந்தாவுக்கென்று நான் ஒரு குரல் வைத்திருக்கிறேன். அதை எடுத்தேன். முப்பது பேரும் படுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கரையேறினார்கள். கோடைமழை ஒரு மணி நேரம் கொட்டியது. கண்மாய் முதலில் கணுக்கால் அளவும் பிறகு முழங்கால் அளவும் நிறைந்தது. அண்டா சாம்பாரோடு மிதந்து போனது. மூங்கில் ஒட்டகம் தண்ணீருக்கு நடுவே எருமை மாதிரி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று மாலை ஈரத்துணியோடு கரையில் வட்டம் கூடியது. பேச்சு மழையைப் பற்றியதல்ல, என் குரலைப் பற்றியது. கையில் ஒரு கல் வந்தால்தான் பேசலாம். "எனக்குப் பள்ளிக்கூடத்துப் பயமெல்லாம் திரும்ப வந்திருச்சு" என்று ஒரு பெண் அழுதாள். "எங்க முடிவை எங்ககிட்டேருந்து எடுத்துட்டீங்க" என்றார் தாடிக்காரர். கல் என்னிடம் வந்தபோது பாதிப்பேர் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள்.

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, யாரும் கேட்காததையும் சொன்னேன். "இது கண்மாய்னு எனக்கு முதல் நாளே தெரியும். பேசமாட்டேன்னு எழுதிக் குடுத்த வீறாப்புல சொல்லாம இருந்துட்டேன். திட்டணும்னா அதுக்குத் திட்டுங்க." அவர்கள் திட்டவில்லை. நான் மனம்திறந்து பேசியதற்காக இருபத்தொன்பது ஜோடிக் கைகளும் எழுந்து விரல்களை ஆட்டின. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக நான் உணர்ந்ததில்லை.

மறுநாள் அண்டாவைத் தேடிப் பிடித்து வந்து மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தொடங்கியவர் வந்து எதிரே குந்தி, இன்னொரு பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"டீச்சர், ஆபீஸ்ல நான் நாப்பது பேருக்கு மேனேஜர்."

"தெரியும். மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

"வருசத்துல ஒரு வாரமாவது யாருக்கும் எதுவும் சொல்லாம இருக்கணும்னுதான் இந்த முகாமையே ஆரம்பிச்சேன்."

"நானும் அதுக்குத்தான் வந்தேன்."

கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருமே சொன்னபடி இருந்திருந்தா?"

"முப்பது பேரும் அந்த ஒட்டகத்து மேல உக்காந்திருப்பாக."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "உங்க அட்டவணையைப் பாத்தப்ப எனக்குக் கோவம் வரல டீச்சர். பொறாமைதான் வந்தது. நான் போட்டிருந்தா இன்னும் நல்லாப் போட்டிருப்பேன்."

"எப்படி?"

சேற்றில் ஒரு குச்சியால் போட்டுக் காட்டினார். சமையல்காரர்களுக்கு மறுநாள் ஓய்வு, வெயில் நேரத்தில் யாருக்கும் வேலை இல்லை, தண்ணீருக்கு இரண்டு பேர். என்னுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசி நாள், வந்த சுவடே தெரியாமல் இடத்தை விட்டுப் போக வேண்டும் என்பது முகாமின் விதி. தண்ணீர் பாதி வடிந்திருந்தது. முப்பது பேரும் குனிந்து நூல், ஆணி, தீக்குச்சி என்று பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்னத்தத் தேடுறீக? தாலிக்கொடி தொலஞ்சு போச்சா?"

"இல்லங்க. குப்பை பொறுக்குறோம்."

"நூறு நாள் வேலையா?"

"அதெல்லாம் இல்ல. நாங்களா வந்து செய்யுறோம்."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "படிச்சவுக மாதிரி இருக்கீகளே" என்றார் வருத்தமாக. பிறகு, கம்பை நீட்டி, "அங்குட்டு ரோட்டோரத்துல அம்புட்டுக் குப்ப கெடக்கு. அதையும் பொறுக்கிட்டுப் போனா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆடுகளைத் தண்ணீருக்கு ஓட்டினார்.

ரோட்டோரம் முகாமின் எல்லைக்குள் வருமா என்று பேச்சு ஆரம்பித்தது. என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும், கூடவே மேனேஜரும் ஆளுக்கொரு சாக்கோடு கரையேறி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர் என்று பொறுக்கிக்கொண்டே போனோம். கால்வாசிச் சாக்கு நிறைவதற்குள் என் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் படியிலிருந்து குனிந்து பார்த்தார்.

"டீச்சர்! இங்குட்டு என்ன பண்றீக?"

"சாக்க உள்ள போடலாமா?"

"ஆடு, கோழின்னாகூட ஏத்திக்குவேன். குப்பைய எங்கிட்டு ஏத்துறது டீச்சர்?"

மேனேஜர் ரோட்டைக் கடந்து வந்து, என் கையிலிருந்த சாக்கையும் வாங்கிக்கொண்டார். "நீங்க கிளம்புங்க. பாக்கிய நான் பாத்துக்கிறேன்" என்றார். உத்தரவு மாதிரி, அதை நன்றாகவே சொன்னார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன்.