மாமாவின் மனுவில் நான் சேர்த்தவை

யுத்த காலம். புதுக்கோட்டையில் நான்காம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். ‘ஓவர்’ என்பதை முன்னால் ஒட்டினால் எதுவும் அளவுக்கு மீறியதாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வாத்தியார், அப்படி இருபது சொற்கள் எழுதிவரச் சொன்னார். நான் அகராதியைப் புரட்டி ஐம்பத்திரண்டு எழுதிக்கொண்டு போனேன். வகுப்பில் என் நோட்டைத் தூக்கிக் காட்டினார். அதன்பிறகு எங்கள் வீட்டில் எதுவும் சாதாரணமாக நடக்கவில்லை. உலை பொங்கினால் ஓவர்ஃப்ளோ, தங்கை இன்னொரு தோசை கேட்டால் ஓவர்ஈட்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். நார்த்தாமலைப் பக்கம் ஓர் ஆபீஸில் பியூன். பிள்ளைகள் இல்லை. அத்தை இளைப்பு நோயோடு எங்கள் தெருவில் தனியாக இருந்தாள். ஞாயிறுதோறும் சைக்கிள் மிதித்து வந்து பார்த்துவிட்டுப் போவார்.

“மாப்ளே, ஒரு மனு எழுதணும். பொஞ்சாதிக்கு முடியல, பக்கத்துல இருந்து பாக்கணும், டவுனுக்கு மாத்துங்கன்னு எழுது. அம்புட்டுத்தான். தமிழ்ல எழுதுனா காயிதக் கட்டுலயே கெடக்குமாம், இங்கிலீசுல எழுதிரு.”

அம்புட்டுத்தான் என்பது எனக்குப் போதவில்லை. என் ஐம்பத்திரண்டில் ஒன்றுக்குக்கூட அதில் இடமில்லை. ஆகவே மாமாவுக்கு ஓவர்ஒர்க் என்று எழுதினேன், சுமக்கும் கட்டுகள் ஓவர்லோட் என்று எழுதினேன். அத்தையின் நோய் இரண்டாம் பக்கத்துக்குப் போயிற்று. இரக்கம் இன்னும் கூடட்டும் என்று, மனுதாரர் ஓவர்ஏஜ், உத்தியோக வயதைக் கடந்தவர் என்றும் சேர்த்தேன். அவர் பிறந்த வருஷம் அவருக்கே தெரியாது. வேலையில் சேர்ந்தபோது யாரோ குத்துமதிப்பாகப் போட்டதுதான். தலை நரைத்திருந்தது, எனக்கு அது போதும்.

“என்ன மாப்ளே, நான் சொன்னது நாலு வார்த்தை. நீ கெரயப் பத்திரமாட்டம் எழுதியிருக்க?”

“இப்புடி எழுதுனாத்தான் மாமா மதிப்பாங்க.”

“படிச்ச புள்ள சொன்னா சரிதான்” என்று கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதையும் என்னிடமே கொண்டுவந்தார். வயது கடந்துவிட்டதாக மனுதாரரே ஒப்புக்கொள்வதால் மாதக் கடைசியோடு வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்றிருந்தது. இரண்டு முறை படித்தேன்.

“மாத்திட்டானா?”

“இல்ல மாமா. நிறுத்திட்டாங்க. வயசானவங்க எல்லாரையும் நிறுத்துறாங்களாம்.”

‘எல்லாரையும்’ என்பது அந்தக் காகிதத்தில் இல்லை.

அவர் அதை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு, மறுநாள் ஆபீஸுக்குப் போய்வந்தார். அங்கே தலைமைக் குமாஸ்தா மனுவை வரிவரியாகத் தமிழில் சொன்னதும், மாமா கேட்டுக்கொண்டு நின்றதும், பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

புதுக்கோட்டையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. திருச்சியில் ஒரு மில்லில் காவல் வேலைக்குப் போனார். ஞாயிறுதோறும் வந்த மனிதர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். அடுத்த மார்கழியில் அத்தை இறந்தபோது பக்கத்தில் இருந்தது நாங்கள்தான். அவர் வந்து சேர ஒரு பகல் ஆயிற்று.

அதற்கெல்லாம் முன்னால், முதன்முதலாகத் திருச்சிக்குக் கிளம்பிய காலையில் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

“ஒங்க அத்தைக்கு எழுத்துத் தெரியாது. வாராவாரம் கடுதாசி போடுறேன், நீதான் படிச்சுக் காட்டணும்.” பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். “நான் எழுதுனத மட்டும் படி மாப்ளே. சேத்துப் படிக்காத.”

என் படிப்பை மெச்சித்தான் இந்தப் பொறுப்பைத் தருகிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

“இங்கிலீசுல வேணும்னாலும் எழுதுங்க மாமா” என்றேன்.