கெத்தாம் என்றால் நண்டு

தமிழ்ப்பள்ளியை முடித்துச் சுங்கைப் பட்டாணியில் இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வருடம், என் மலாய் அறிவைப் பற்றி எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கைத்தொழில் பாடத்தில் மரவேலை, சமையல் என்று இரண்டு பிரிவுகள். எனக்கு மரவேலைதான் வேண்டும். பட்டறையில் கருவிகள் போதாது. நாளைக்கு வீட்டிலிருந்து 'கெத்தாம்' கொண்டு வருகிறவர்களுக்கே மரவேலையில் இடம் என்று மலாய்க்கார ஆசிரியர் சொல்லிவிட்டார்.

கெத்தாம் என்றால் நண்டு. அதுகூடவா எனக்குத் தெரியாது? மரவேலைக்கு நண்டு எதற்கு என்று யோசிக்கும் புத்திதான் இல்லை. அப்பாவிடம் மொழிபெயர்த்தே சொன்னேன்.

"நண்டா? நெசமாவா?"

"ஆமாப்பா. நண்டு இல்லன்னா என்னைச் சமையல்ல போட்டுருவாங்க லா!"

விடியும் முன்பே எங்கள் ஊரான திகாம் பத்துவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கடலோரத்துக் கோத்தா கோலா மூடா வரை போய், வாளி நிறைய உயிர் நண்டு வாங்கி வந்தார் அப்பா. என்னைக் கடித்துவிடப் போகிறதென்று பட்டறைக்குள்ளும் அவரே தூக்கி வந்தார்.

ஆசிரியர் வாளியை எட்டிப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஓர் இழைப்புளியை எடுத்துக் காட்டினார். மரம் இழைக்கும் அதற்கும் மலாயில் கெத்தாம்தானாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அப்பா இழைப்புளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாலா சாயா, சேகு," என்றார் ஆசிரியரிடம். தப்பு என்னுடையது, மகள் கெத்தாம் என்று சரியாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் இந்தச் சாமானெல்லாம் தெரியாது என்று மலாயில் விளக்கினார். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஆசிரியர் கேட்டதற்கு, தொழிற்சாலை என்று மட்டும் சொன்னார்.

கட்டில், மேசை செய்யும் தொழிற்சாலை அது. இருபது வருடமாக மரம் இழைப்பதுதான் அவர் வேலை. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் மூன்று இழைப்புளிகள் கிடந்தன.

இடம் நிறைந்துவிட்டதென்று ஆசிரியர் என்னைச் சமையலுக்கு அனுப்பினார். அந்த நண்டை அங்கே சம்பல் வைத்தார்கள். மூன்று வருடமும் எனக்குச் சமையல்தான்.

தச்சர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆசிரியர் மனமிரங்கியிருப்பார். தன் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு என் ஆசையைக் கெடுத்துவிட்டார் என்று அப்பாவை வெறுத்தேன். அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினேன். குறைந்த பேச்சு பிறகு பழையபடி ஆகவே இல்லை. அவர் தச்சர் என்று சொல்லி, தச்சருக்கா கெத்தாம் தெரியாது என்று அடுத்த கேள்வி வந்திருந்தால் சிரிப்பு மறுபடி என்மேல்தான் விழுந்திருக்கும். அது எனக்குப் புரிவதற்குள் அப்பா போய்விட்டார்.