மூன்றாவது கல்

கற்பிட்டியில் ஒரு பழைய பள்ளிவாசலின் அடக்கத்தலமான மையவாடிக்குள் நிற்கிறேன். கடற்காற்று கருவாட்டு வாடையோடு வீசுகிறது. கையில் உம்மா கீறித் தந்த படம்: ஒரு கிணறு, ஒரு வேப்பமரம், அதனடியில் ஒரு கபுறு. உம்மா மலாய்ப் பட்டாளக் குடும்பத்துப் பெண். இங்குள்ள கோட்டையில் காவல் இருந்த சிப்பாய் முப்பாட்டனார் அந்தக் கபுறில்தான் அடங்கியிருக்கிறார் என்று அவருடைய வீட்டில் தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள்.

வேப்பமரத்தடியில் இரண்டு கற்கள் தெரிகின்றன. எழுத்து எதுவும் இல்லை. உம்மாவுக்கு அனுப்பப் படம் எடுக்கும்போது கபுறு தோண்டும் நானா மண்வெட்டியோடு வருகிறார்.

"ஆர்ர கபுறு தம்பி தேடுறீங்க?"

"எங்கட உம்மாட முப்பாட்டனார்ர. பட்டாளத்துல இருந்தவர்."

அவர் குந்தி, இரண்டு கற்களுக்கும் நடுவே சருகையும் மணலையும் கையால் விலக்குகிறார். இன்னொரு கல் தலைகாட்டுகிறது.

"ஆம்புளைக்கு ரெண்டு மீசான் கல்லுதான் நடுவோம். மூணு எண்டா பொம்புள."

"அப்ப சிப்பாய்?"

"பட்டாளம் போன இடத்துல மவுத்தாகி அங்கயே அடங்கியிருப்பார். இங்க தங்கினது இவதான்."

மனைவியா, மகளா? உம்மா வீட்டில் சிப்பாயின் பெயர் தெரியாத பிள்ளை இல்லை. இப்படி ஒருத்தி இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

"வந்ததுக்கு ஒரு துஆ கேளுங்க," என்கிறார் நானா. "பேரச் சொல்லிக் கேளுங்க."

கையேந்துகிறேன். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறேன்.